கண் முழிக்கும் கார்

ஜனவரி 12, ஞாயிறு

இதை நான் எழுதி வைக்காவிட்டால் மஹ்ரூப் தன் கைச்சரக்கையும் சேர்த்து ஊருக்குச் சொல்லிவிடுவார். ஆகவே நானே எழுதுகிறேன். இன்று குருநாகலில், ஒரு பல் டாக்டர் வீட்டு முற்றத்தில், நான் ஒரு காருக்குள்ளிருந்து நாலு காலில் தவழ்ந்து வெளியே வந்தேன்.

உள்ளே போவது லேசு. குனிந்து, கையை விட்டுவிட்டால் போதும், விழுந்துவிடலாம். வெளியே வருவதுதான்! ஒரு கால் வெளியே வந்தது. மற்றக் கால் உள்ளே. அபாயாவின் ஓரம் கியர் கம்பில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், உடம்பு முன்னால் போனது, இரண்டு கையும் மணலில். டாக்டரின் மனைவி ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கதிரையை வைத்து என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. டாக்டர் மரியாதையாக மாமரத்தைப் பார்த்தார். மஹ்ரூப் டயரைப் பார்த்தார். முப்பது வருடக் குடித்தனத்தில் இவர் எதையும் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன். டயரைப் பார்த்ததை மன்னிக்க மாட்டேன்.

ஆனால் கார்! ஜப்பான்காரன் செய்த ரோட்ஸ்டர், முதலாம் தலைமுறை, என் மகள் ருஷ்தா பிறப்பதற்கு முன் செய்தது. இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். கூரையை மடித்துப் பின்னால் தள்ளலாம். முன் விளக்குகள் இரண்டும் உள்ளே புதைந்து கிடக்கும்; சுவிட்சை அமத்தினால் மெதுவாக எழும்பிக் கண்ணை முழிக்கும். மூன்று தரம் அமத்தச் சொன்னேன். நாலாம் தரம் இடக் கண் மட்டும் எழும்பவில்லை. டாக்டர் தட்டிக் கொடுத்தார், எழும்பியது. என் மாமி பகல் நித்திரையில் ஒரு கண்ணால் வீட்டைக் காவல் காப்பாரே, அப்படியே.

வேண்டும். எனக்கு இது வேண்டும்.

ஜனவரி 14, செவ்வாய்

நஜாத் நானா வந்தார். குறிஞ்சிப்பிட்டியில் வாப்பா விட்டுப்போன தென்னங்காணி விற்றதில் என் பங்கு கைக்கு வந்ததிலிருந்து என் மூத்த சகோதரர் அடிக்கடி வருகிறார். காசு அவருக்கு வேண்டாம், பாவம், சொல்லக்கூடாது. அதை நான் எப்படிச் செலவழிக்க வேண்டும் என்று சொல்லும் உரிமைதான் வேண்டும்.

"தங்கச்சி, ரெண்டு பேர் இரிக்கிற கார். பேரப்புள்ளைகள எங்க வெப்ப?"

"அதுக்குத்தான் நானா ரெண்டு பேர் கார்."

அம்பத்திரண்டு வயதில், ஒரு கருவாட்டுக்காரி, கூரையில்லாத காரில் போனால் ஊர் கதைக்கும் என்றார். கல்பிட்டியில் பாதிக் கதை என் வாயிலிருந்துதான் புறப்படுகிறது. மற்றவர்களுக்கும் ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டாமா? வேன் வாங்கு என்றார். ஒரு நல்ல வேன், எல்லாருக்கும் உதவும்.

அங்கேதான் எனக்குச் சுட்டது. இதுவரை நான் வாங்கிய எல்லாம் எல்லாருக்கும் உதவியவை. ஐஸ் பெட்டி, பட்டா என்கிற குட்டி லொறி, மகளின் வீடு, மாமியின் கட்டில். பதினெட்டு வருடமாக அந்த லொறியில் கருவாடு ஏற்றிக் கொழும்புக்கு நானே ஓட்டிப் போகிறேன். ஒருவருக்கும் உதவாத ஒன்று எனக்கு இருக்கட்டும். ஒன்றே ஒன்று.

ஜனவரி 17, வெள்ளி

ஜும்ஆ முடிந்து மஹ்ரூப் சந்தோஷமாக வந்தார். அவர் சந்தோஷமாக வந்தால் நான் எச்சரிக்கையாவது வழக்கம். எத்தாளையில் வெள்ளைக்காரருக்கு அறைகள் வைத்திருக்கும் அவர் கூட்டாளி பதுர்தீனிடம் அதே ரோட்ஸ்டர் இருக்கிறதாம். புதிய தலைமுறை. குருநாகல்காரியின் பேத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்கப் போகிறாராம்.

"உனக்கு ரோட்ஸ்டர்தானே வேணும்? இதும் ரோட்ஸ்டர்தான். கியர் போடுற வேலயில்ல. ஏசி இரிக்கி."

பிறகு கொழும்பிலிருந்து ருஷ்தாவின் அழைப்பு. பழையதில் காற்றுப்பை இல்லை உம்மா, பின்னால் கமரா இல்லை உம்மா, உதிரிப்பாகம் எங்கே தேடுவீர்கள் உம்மா. இவளுக்கு யார் சொன்னது? வாப்பாவும் மகளும் எனக்குத் தெரியாமல் மாநாடு நடத்துகிறார்கள்.

கவனித்தேன் - வாங்காதே என்று இப்போது ஒருவரும் சொல்வதில்லை. வாங்கு, ஆனால் நாங்கள் சொல்வதை வாங்கு. என் ஆசைக்குள்ளே நைசாக நுழைந்து கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

ஜனவரி 19, ஞாயிறு

எத்தாளை போனோம். உள்ளதை எழுதுகிறேன்: நல்ல கார். சிவப்பு. இரண்டு காலாலும் மனுசி மாதிரி இறங்கினேன். மஹ்ரூப் கை தட்டாத குறை.

ஓட்டியும் பார்த்தேன். மாம்புரிப் பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. நடுரோட்டில் ஒரு கழுதை, நம் கழுதைகளின் வழக்கப்படி, யோசித்துக்கொண்டு நின்றது. நான் பிரேக்கில் கால் வைக்கும் முன்பே கார் தானாக நின்றுவிட்டது. கதவு திறந்தால் சத்தம் போடுகிறது, பெல்ட் போடாவிட்டால் சத்தம், கோட்டைத் தொட்டால் சத்தம். எனக்கு நஜாத் நானா ஒருவர் போதும்.

விளக்குகள்? இருக்கின்றன. எப்போதும் திறந்தபடி. ஒடுங்கிய கண், கோபக்காரக் கண். முழிக்கிற வேலையே இல்லை.

பதுர்தீன் நானா மரியாதையான மனுஷன். என்ன கேட்டாலும் குறைத்துத் தருவதாகச் சொன்னார். அவர் மனைவி சுல்பா வட்டிலப்பம் தந்தார். நான் தின்றுகொண்டிருக்கும்போதே மஹ்ரூப் பதுர்தீனோடு கை குலுக்கிவிட்டார்! வாயில் வட்டிலப்பத்தோடு எப்படி மறுப்பது?

நல்ல காரென்று எனக்கே தெரியும். கோபமும் அதனால்தான்.

ஜனவரி 20, திங்கள்

இன்று ஒருவரோடும் கதைக்கவில்லை. கருவாட்டோடு மட்டும்.

ஜனவரி 22, புதன்

வென்றேன்!

விடிந்ததிலிருந்து கருவாடு காயப்போடும் வாடியில் கட்டா மீனைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மஹ்ரூப் ஃபோன் பண்ணினார்: பதுர்தீன் காரைக் கொண்டுவந்துவிட்டார், நஜாத் நானாவும் வந்திருக்கிறார், உடனே வா. லொறியை விரட்டிக்கொண்டு போனேன். முற்றத்தில் சிவப்புக் கார், சுற்றிவர மூன்று ஆம்பிளைகள், என் காரை எனக்காக வாங்கி முடித்த முகத்தோடு. வேன் வேண்டுமென்று வந்த நானா, இப்போது "வடிவான சாமான்" என்கிறார்.

லொறியை விட்டிறங்கி நேரே காரிடம் போனேன். ஒரு சுற்றுச் சுற்றினேன். குனிந்து, பின் சில்லுக்கு மேலே மட்கார்டுக்குள் விரலை விட்டுத் தடவி, நாக்கில் வைத்தேன்.

எங்கள் தொழிலில் இது அன்றாடம். நல்ல தண்ணீரில் கையை அலம்பி, மீனின் செவுளுக்குள் விரலை விட்டு, நாக்கில் வைத்தால் உப்பு எத்தனை நாள் நின்றது என்று சொல்லிவிடலாம். என் நாக்கு சரி என்றால் கொழும்பு நாலாம் குறுக்குத் தெரு முதலாளிமார் மூட்டையைப் பிரிக்காமலே எடுப்பார்கள்.

உப்பு. சும்மா உப்பல்ல, கடலைக் குடித்தது போல.

"பதுர்தீன் நானா, இது கடலுக்குள்ள இறங்கின வண்டி."

மனுஷன் முகம் வெளுத்துப்போனது. "வல்லாஹி, மணல்ல கூட இறக்கல்ல தங்கச்சி."

"நீங்க இறக்கல்ல. ஒங்கட வெள்ளக்காரன் எவனாவது கொண்டுபோய் இறக்கி இரிப்பான்."

மஹ்ரூப் ஃபோன் வெளிச்சத்தோடு கீழே படுத்துப் பார்த்தார். துரு ஒன்றும் தெரியவில்லை என்றார். இன்றைக்குத் தெரியாது, அடுத்த வருடம் அடிப்பாகம் கையோடு கழன்று வரும் என்றேன். நானா என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார். என் சமையலை, என் வாயை, என் புத்தியை எல்லாம் அவர் குறை சொல்வார். என் நாக்கின் உப்புக் கணக்கை மட்டும் சொல்ல மாட்டார். அவருடைய வாடிக் கருவாட்டுக்கும் நான்தான் ருசி பார்க்கிறேன்.

"லெய்லாட நாக்கு சொன்னா சரிதான்" என்றார்.

முடிந்தது. சிவப்புக் கார் வந்த வழியே போனது. குருநாகலுக்கு நானே ஃபோன் பண்ணினேன். கரையிலிருந்து அவ்வளவு தூரத்தில் உப்புக் காற்று எப்படி வரும்? ஒரு மனுசி ஆசையால் மட்டுமல்ல, அறிவாலும்தான் பழையதைத் தெரிந்தெடுத்தாள் என்று இப்போது எல்லாருக்கும் விளங்கியிருக்கும்.

ஜனவரி 24, வெள்ளி

இரண்டு பேரிடம்தான் சொன்னேன். சரி, ஐந்து பேர். மீன் கொண்டுவந்த உடப்பு யோகாம்பாள் இன்று எனக்கே அந்தக் கதையைச் சொன்னாள்: எத்தாளையில் ஒரு கார் கடலடியில் கிடந்ததாம், கரைவலையில் மாட்டி இழுத்தெடுத்தார்களாம், பெயின்ட் அடித்து யாரோ ஒரு அப்பாவிப் பொம்பிளைக்கு விற்கப் பார்த்தார்களாம். நான் திருத்தவில்லை. கதை அவள் வாயில் இன்னும் வடிவாக இருந்தது.

பெப்ரவரி 1, சனி

கொண்டுவந்துவிட்டேன். குருநாகலிலிருந்து கூரையைத் திறந்துபோட்டு நானே ஓட்டினேன். முக்காட்டில் நாலு ஊசி. மஹ்ரூப் ஒரு கையால் தொப்பியையும் மறு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு அல்லாஹ்வின் பேரைச் சொல்லித் திக்ர் செய்தபடி வந்தார். கியர் கம்பு கைக்குள் நண்டு மாதிரி உயிரோடு இருக்கிறது. மேடு பள்ளம் எல்லாம் முதுகெலும்புக்கு நேரே தகவல் வருகிறது.

பாலாவியில் திரும்பும்போது மஃரிப் தொழுகை நேரம். சுவிட்சை அமத்தினேன். இரண்டு கண்ணும் முழித்தன. பள்ளிக்குப் போகிறவர்கள் நின்றுவிட்டார்கள். அதில் ஒருவர் நஜாத் நானாவின் சம்பந்தி. சலாம் சொன்னேன்.

ஊருக்குள் ஒரு கழுதை என்னை மேலேயிருந்து கீழே பார்த்தது. பார்க்கட்டும். கதைக்கட்டும். கருவாட்டுக்காரி வாறா, வழி விடுங்கோ!

பெப்ரவரி 9, ஞாயிறு

இறங்கும் முறை கண்டுபிடித்துவிட்டேன். முதலில் இரண்டு காலையும் வெளியே போட வேண்டும், பிறகு கதவைப் பிடித்து, பிஸ்மி சொல்லி, எழும்ப வேண்டும். மூன்றில் இரண்டு தரம் சரி வருகிறது.

கலியாண வீட்டில் சுல்பா எனக்கு முகம் கொடுக்கவில்லை. சிவப்புக் காரைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தாராம். சந்தியில் தேத்தண்ணி குடிக்கும்போது கதை கேட்டு, அங்கிருந்தே திரும்பிவிட்டாராம். பதுர்தீன் அதற்குத் தார்பாய் போட்டு மூடிவிட்டாராம். மஹ்ரூப் இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் இருந்தார், டயரைப் பார்த்த அதே முகம்.

நான் என்ன செய்ய? உள்ளதைத்தான் சொன்னேன்.

பெப்ரவரி 16, ஞாயிறு

வாடியில் சாளை மீனைப் புரட்டிவிட்டுப் பகல் சோற்றுக்கு வந்தேன். கார் முற்றத்தில் நின்றது. எங்கள் காற்று பதினைந்து நாளில் இதற்கு என்ன செய்திருக்கிறது பார்ப்போம் என்று மட்கார்டுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு. சிவப்புக் காரில் இருந்த அதே உப்பு.

அந்தப் பல் டாக்டர் ஏமாற்றிவிட்டாரா? கதவைத் தொட்டு வைத்தேன். உப்பு. ஸ்டியரிங்கும் உப்பு. இருக்கை, கண்ணாடி, எழும்பாத இடக் கண் - எல்லாம் உப்பு. குருநாகலில் கடல் வந்ததா?

மஹ்ரூப் உள்ளேயிருந்து கூப்பிட்டார். "கைய கழுவிட்டு வா லெய்லா, சோறு ஆறுது."

கழுவினேன். சோப்புப் போட்டு, இரண்டு தரம். திரும்பப் போய் மட்கார்டுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். தூசி மட்டும்.

ஜனவரி 22 அன்று நான் கை கழுவவில்லை.