ஸ்பீக்கரில் போட்டுச் சொல்ல முடியாத சேதி

அன்பு மகள் அதீபாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நசரத்பேட்டையில் அத்தாவும் தம்பி வசீமும் அல்லாஹ் கிருபையால் நல்லபடியாக இருக்கிறார்கள், நீயும் மாப்பிள்ளையும் அலீனா குட்டியும் ஷார்ஜாவில் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். என்னையும் சேர்த்து எல்லோரும் நலம் என்று ஒரே வரியில் எழுதிவிடலாம், பொய் எழுதக் கை வரவில்லை. தினமும் போனில் பேசுகிறோமே, இதென்ன புதுசாகக் கடிதம் என்று பார்க்காதே. நம் வீட்டுப் போன் எப்போதும் நடு ஹாலில் ஸ்பீக்கரில்தான், அத்தா ஒரு பக்கம் வசீம் ஒரு பக்கம், நான் எங்கே என் சங்கதியைப் பேசுவது. பக்கத்துத் தெரு ஃபஹீம் சனிக்கிழமை உங்கள் ஊருக்கு வருகிறான் என்றதும் வசீமின் நோட்டில் நாலு தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நிதானமாக முழுதும் படி, பாதியில் நிறுத்தி அழாதே.

உனக்குத் தெரிந்த கதைதான், ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு மாதவிடாய் நின்றது, நின்ற கையோடு அந்தப் பாழாய்ப்போன சூடு வந்தது. அடுப்புப் பக்கம் போகாமலேயே நெஞ்சிலிருந்து முகத்துக்கு நெருப்பு ஏறும், ஜாக்கெட் நனையும், அடுத்த நிமிஷம் குளிரும். ஃபேனைக் கூட்டு என்பேன், குறை என்பேன், ரெகுலேட்டரைக் கழற்றி உன் கையிலேயே கொடுத்துடட்டுமா என்று அத்தா கேலி செய்வார். குழம்பில் உப்பு கூட என்று சொன்னதற்காக வசீமோடு இரண்டு நாள் பேசவில்லை, பிறகு பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒரே சந்தோஷம், விலக்கு நாள் குறுக்கே வராததால் போன ரமலானில் முப்பது நோன்பும் விடாமல் பிடித்தேன், வயதுக்கு வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. பெருநாள் கழிந்த வாரம்தான் நீ கிரீன் டீ அனுப்பினாய். முதல் நாள் வழக்கம்போல் பால் ஊற்றிச் சர்க்கரை போட்டுக் கொதிக்க விட்டேன், அத்தா ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னா வஹீதா, புல்லுக்கட்டைப் பால்ல போட்டுட்டியா" என்றார். அப்புறம் நீ சொன்னபடி வெறும் வெந்நீரில் போட்டேன், சாயங்காலம் குடித்தால் தூக்கம் கெட்டது, அதனால் காலையிலும் மதியமும் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஐந்து தடவை சர்க்கரை டீ குடித்தவள் அதை விட்டதாலோ என்னவோ உடம்பு லேசானது, சூடும் கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தது. தெரு முழுக்க உன் புகழ்தான் பாடினேன்.

இனிமேல்தான் விஷயம். நின்று பதினேழு மாதம் ஆன பிறகு, போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எனக்குத் திரும்பவும் ரத்தம் பட்டது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா, கிரீன் டீ வேலை செய்கிறது, உடம்பு பழையபடி ஆகிறது என்று நினைத்தேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது. அந்தக் கால வழக்கப்படி முசல்லாவை மடித்து வைத்துவிட்டு ஆறு நாள் தொழவில்லை, ஏழாம் நாள் தலைக்குக் குளித்தேன், இரண்டு வாரத்தில் மறுபடி பட்டது, மறுபடி மடித்தேன். நம் மாடியில் குடியிருக்கிற நாகம்மா, ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறாளே, அவளிடம் இதைச் சொல்லி உனக்கும் ஒரு பாக்கெட் தரட்டுமா என்று கேட்டேன். கொடியிலிருந்து எடுத்த துணியை அப்படியே கீழே போட்டாள். "இன்னாக்கா பேசினுகீற, ஒன்றர வருசம் நின்னது திரும்பி வந்தா வயசு திரும்புதுன்னு அர்த்தமா? இப்டி நெனச்சிகினு ஊட்லயே குந்தினு இருந்தவங்கள எங்க வார்டுல நான் பாத்துகீறேன். நாளைக்கி காலைல ரெடியா இரு" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் மறுநாள் எனக்காக லீவு போட்டுவிட்டு வாசலில் வந்து நின்றாள், அத்தாவிடம் முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு அவளோடு பஸ் ஏறினேன்.

ஸ்கேன் எடுத்தார்கள், கர்ப்பப்பையிலிருந்து துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும், கிரீன் டீ விஷயத்தைக் கேட்டுச் சிரிக்கவில்லை. "இதுக்கு அது காரணமும் இல்லம்மா, மருந்தும் இல்ல, பிடிச்சா குடிங்க. ஆனா நின்னு ஒரு வருஷம் ஆனதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் அன்னைக்கே வந்துடணும்" என்றார். முந்தாநாள் ரிசல்ட் வந்தது. கேன்சர்தான் மகளே. ஆனால் ஆரம்பம், கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும், நல்லவேளை வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை என்றார். அத்தாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். சூடு சூடுன்னு நீ சொன்னப்பல்லாம் கிண்டல் பண்ணிகினு இருந்தேனே என்று குலுங்கி அழுதார், முப்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை, நான்தான் தேற்ற வேண்டியிருந்தது. செருப்புக் கடையை இரண்டு நாளாகத் திறக்கவில்லை. உனக்கு இப்போது சொல்ல வேண்டாம், தூரத்தில் கிடக்கிற பிள்ளை தவித்துப்போகும், ஆபரேஷன் முடிந்து சொல்லிக்கொள்ளலாம் என்றார். நானும் சரி என்று தலையாட்டினேன்.

தலையாட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். முதலில் உனக்கு ஒரு புத்தி, உடம்பில் எது புதுசாக வந்தாலும் நாமே காரணம் கண்டுபிடித்துக்கொள்ளக் கூடாது, அங்கே டாக்டரிடம் போகும்போது என் அம்மாவுக்கு இப்படி வந்தது என்று மறைக்காமல் சொல்லிவை. இன்னொன்று, எனக்கு டெங்கு வந்தபோதும் மணிக்கட்டு முறிந்தபோதும் ஒன்றுமில்லை, நீ வராதே என்று சொன்னேன். நீ வரவில்லை, அது உன் தப்பே இல்லை, அம்மா சொன்னதை நம்பினாய். போனில் பேசினால் இந்தத் தடவையும் வாய் பழக்கத்தில் அதையேதான் சொல்லும், நீ அதை நம்பாதே, இந்தத் தாளை நம்பு. ஆபரேஷன் வரும் இருபத்து நாலாம் தேதி. முடிந்த பிறகு பார்க்க வராதே, அதற்கு முன்னாடியே வந்துவிடு. எனக்குப் பயமாக இருக்கிறது அதீபா. உள்ளே கொண்டுபோகும்போது நீ என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அல்லாஹ் உன் குடும்பத்துக்கு நீண்ட ஹயாத்தும் குறையாத பரக்கத்தும் தரட்டும், மாப்பிள்ளைக்கு என் சலாம், அலீனாவுக்கு ஆயிரம் முத்தம். வரும்போது சென்ட், சாக்லேட் என்று எதையும் தூக்கிக்கொண்டு வராதே, கைப்பையில் பாஸ்போர்ட்டை மட்டும் சரிபார்த்து எடுத்து வை.

நீ வருகிற நாளை எதிர்பார்க்கும் அம்மா,
வஹீதுன்னிசா