இடது பக்கத்து எண்ணெய்க் கறை

என் அப்பாவுக்கு,

கமலா எழுதுகிறேன். ஒரு வருஷம் தாமதமாக எழுதுகிறேன் என்று தெரியும். முன்பே எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அழுகைதான் வந்தது. இப்போது கேள்வி வந்திருக்கிறது. அதனால் எழுத முடிகிறது.

நான் பிரசவ வார்டில் படுத்திருந்தபோது நீங்கள் போய்விட்டீர்கள். பச்சை உடம்புக்காரி என்று பத்து நாள் வரை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சித்தி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கதவுக்கு வெளியே எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். குழந்தை தூங்குகிறதே என்றுதான் அப்படிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது பிடித்த பயம் இன்னும் விடவில்லை, அப்பா. கேட்க வேண்டிய எதையாவது கேட்காமல் விட்டுவிடுவேனோ என்கிற பயம்.

உங்கள் பேத்தி சுதாவுக்குப் போன வாரம் ஆண்டு நிறைவு. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். செம்பூரில் எங்களுக்கு ஒரே அறை, ஒரு சமையற்கட்டு. அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறாள். மாட்டுங்கா வீட்டைக் காலி செய்தபோது உங்கள் ரேடியோவும் அந்தக் கறுப்புப் பெட்டியும் அவளோடு வந்து சேர்ந்தன.

அந்தப் பெட்டியைப் பற்றித்தான் கேட்க வேண்டும். நீல வெல்வெட்டுக்குள் படுத்திருக்கும் ஜெர்மன் ஹெட்போன். ஒரு குடை வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிற நீங்கள், ஆபீசுக்கு வந்த ஒரு கப்பல்காரரிடம் அவர் சொன்ன விலைக்கே அதை வாங்கிக்கொண்டு வந்தீர்கள். அம்மா எட்டு நாள் உங்களோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் பேசினாள். "இந்தக் காது மிஷினுக்குத் தினமும் சாதம் போடணுமா, இல்லை சும்மா இருக்குமா?"

அவள் வைத்த அந்தப் பெயர்தான் வினையாயிற்று. எதிர் வீட்டு மாமி ஜன்னல் வழியாக உங்களைப் பார்த்தாள், அம்மாவிடம் என்னவென்று கேட்டாள், காது மிஷின் என்று பதில் வந்தது. ஒரே வாரத்தில் உங்களுக்குக் காது போய்விட்டதாகத் தெரு முழுக்கப் பேச்சு. மார்க்கெட்டில் கீரைக்காரி உங்களிடம் விலையை விரலால் காட்ட ஆரம்பித்தாள். நீங்கள் யாரையும் திருத்தவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார் உங்கள் பக்கம் குனிந்து, மாடி அதிரும்படி, "பொண்ணு பாடுவாளோ?" என்று கேட்டார். நீங்களும் அதே சத்தத்தில், "சுமாராத்தான் பாடுவா" என்றீர்கள். கல்யாணமான பிறகு உங்கள் மாப்பிள்ளை தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார். "உங்கப்பாவுக்கு இது பரம்பரையா வந்ததா?"

இவ்வளவு பேச்சு வாங்கிக்கொண்டும் அதை நீங்கள் எத்தனை நாள்தான் மாட்டினீர்கள்? வருஷத்தில் ஏதோ சில வாரங்கள். மற்ற நாளெல்லாம் உங்கள் ரேடியோ மாடிப்படி வரை பாடிக்கொண்டுதானே இருந்தது? நான் புகுந்த வீடு போன பிறகு நீங்கள் அதைத் தொடவே இல்லை என்கிறாள் அம்மா. பின்னே எதற்கு வாங்கினீர்கள்?

"உபயோகப்படாத சாமான், கமலா" என்றார் உங்கள் மாப்பிள்ளை. "சுதா ஒயரைப் பிடிச்சு இழுக்கறா. வித்துட்டு ஒரு டேபிள் ஃபேன் வாங்கலாம். குழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு." அவர் சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? நானும் சரி என்றேன். ஆனால் நான் சரி என்றதற்குக் காரணம் ஃபேன் இல்லை.

போன மாதம் ஒரு மத்தியானம். சுதா தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள், அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். ரேடியோவில் வீணை. ஒரு ராகத்தை முழுசாகக் கேட்டு ஒரு வருஷமாகிறது, அப்பா. ரேடியோவைப் பெரிதாக வைத்தால் குழந்தை எழுந்துவிடும். ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன். உலகம் அப்படியே அடைத்துக்கொண்டது. தலைக்குள்ளேயே யாரோ உட்கார்ந்து மீட்டுகிற மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம்கூட இருந்திருக்க மாட்டேன். கழற்றிப் போட்டுவிட்டுத் தூளிக்கு ஓடினேன். அவள் அழவில்லை, தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். அழுதிருந்தால்? இரண்டு காதையும் அடைத்துக்கொள்கிற உரிமை ஒரு அம்மாவுக்கு உண்டா? இல்லை என்றுதான் தோன்றியது. இனிமேல் எனக்கென்று பாட்டு கிடையாது, ஹெட்போன் போகட்டும் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குர்லாவிலிருந்து துரைப்பாண்டி வந்தார். ரேடியோ ரிப்பேர்க்காரர், குர்லாவில் கடை, தாராவியில் வீடு. உங்கள் ரேடியோவின் முதுகில் ஓட்டை போட்டு ஹெட்போன் சொருக இடம் பண்ணிக்கொடுத்தவரே அவர்தான். பெட்டியைத் திறந்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாமான் ஒசத்தி சாமான்தான், வாங்க ஆளு இருக்காவ. ஆனா இங்க பாருங்கம்மா. வலது பக்கம் வேர்வையில தோலு வெடிச்சிருக்கு. இடது பக்கம் வேர்வையே இல்ல, ஒரே தேங்காண்ணக் கறை. அய்யா இத காதுல மாட்டுனாவளா, மண்டையில மாட்டுனாவளா?"

உங்கள் மாப்பிள்ளை சிரித்தார். "அவருக்கு மாட்டத் தெரியலையோ என்னமோ."

"தெரியாமலா? நாந்தான மாட்டிக் காட்டுனேன். இது வேணும்னே செஞ்சது சார். இடது பக்கத்தக் காதுக்கு மேல, முடியில ஏத்தி வச்சிருக்காவ. ஒரு காதுல பாட்டு, ஒரு காது சும்மா தொறந்து கெடக்கு. வேற என்னத்தயோ கேட்டுக்கிட்டு இருந்திருக்காவ."

காபி கொண்டுவந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். உங்கள் நாற்காலிக்கு இடது பக்கம் இருந்தது என்ன? என் மேஜை. சுவரைப் பார்த்தபடி, முதுகை உங்களுக்குக் காட்டிக்கொண்டு, சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தது யார்? நான்.

ஒரு சாயங்காலம் சரித்திரம் படிக்கும்போது ஏதோ ஒரு யுத்தத்தின் வருஷத்தை மாற்றிச் சொல்லிவிட்டேன். "நேத்திக்கு வேற வருஷம்னா சொன்னே?" என்று முதுகுக்குப் பின்னாலிருந்து உங்கள் குரல் வந்தது. கச்சேரி கேட்கிறவருக்கு இது எப்படிக் கேட்டது என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. வருஷத்தில் சில வாரங்கள் என்றேனே, அவை என் பரீட்சை வாரங்கள். எனக்குத் தொந்தரவு கூடாது என்றுதான் ரேடியோவின் வாயை அடைத்திருக்கிறீர்கள். நான் போன பிறகு அது உங்களுக்கு எதற்கு?

"இது விக்கறதுக்கு இல்லை" என்றேன்.

"நல்லாருக்கு" என்றார் துரைப்பாண்டி. "குர்லாவுலேருந்து என்னைய காப்பி குடிக்கவா கூப்பிட்டிய?"

"இன்னொரு டம்ளர் தரேன்."

"சீனி கூடப் போட்டுக் குடுங்க. மனசு ஆறணும்லா."

அவர் போன பிறகு உங்கள் மாப்பிள்ளை, "அப்போ ஃபேன்?" என்றார். "கை விசிறி இருக்கே" என்றேன். "யார் வீசறது?" "பாட்டு கேட்டுண்டே நான் வீசறேன்." அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, சுதாவின் கை எட்டாத உயரத்தில் ஒயருக்கு ஆணி அடித்துக் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் மறுபடி மாட்டிக்கொண்டேன், இடது பக்கத்தை முடியின் மேல் ஏற்றி வைத்து. வலது காதில் நாதஸ்வரம். இடது காதில் தூளிக் கயிறு உரசுகிற சத்தம், சுதாவின் மூச்சு, தூரத்தில் லோக்கல் ரயில். ஆலாபனை முழுவதும் கேட்டேன். ஒரு தடவைகூட எழுந்து ஓடவில்லை.

அம்மா சமையற்கட்டு வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். "உங்கப்பாவும் இப்படித்தான் கோணலா மாட்டிண்டு உட்கார்ந்திருப்பார். நேரா மாட்டிக்கப்படாதான்னு எத்தனை தரம் கேட்டிருப்பேன். 'எனக்கு இதாண்டி நேர்'னு சொல்வார்." சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதைத் தபாலில் போட உங்களுக்கு விலாசம் இல்லை. அதனால் நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு அனுப்புகிறேன். மாட்டுங்கா மாமிகள் படிக்கட்டும். என் மாமியாரும் படிக்கட்டும். நீங்கள் திருத்தாமல் விட்டதை நான் திருத்துகிறேன்: என் அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்டது.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. பி.ஏ. கடைசி வருஷம், பொருளாதாரப் புத்தகத்தில் ஒரே பக்கத்தை மூன்று நாள் சத்தமாகப் படித்தேன், மனசு எங்கேயோ இருந்தது. அதுவும் கேட்டதா? கேட்டும் பேசாமல் இருந்தீர்களா?

அந்த எண்ணெய்க் கறையைத் துடைக்க மாட்டேன். அதன் மேல் என் எண்ணெயும் படியட்டும். ஒரு நாள் சுதா புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருவாள். அவள் எந்தப் பக்கம் உட்காருகிறாளோ அந்தப் பக்கத்துக் காதைத் திறந்து வைத்திருப்பேன். அவளிடம் சொல்ல மாட்டேன், அப்பா. இது சத்தியம்.

ஒரே பக்கத்தை மூன்று நாள் படித்த
உங்கள் பெண்,
கமலா