ஜாடியில் இருந்த கடை ஈஸ்ட்

அன்பு மகளுக்கு,

இங்கே வோஸில் பனி உருகிவிட்டது. ஆடுகள் நலம். நானும் ஆடுகளைப் போலத்தான் இருக்கிறேன், அறிவிலும் சேர்த்து.

சனிக்கிழமை நான் காய்ச்சிய பியரைப் பக்கத்துப் பண்ணை டோர்கைருக்கு ஊற்றிக் கொடுத்து, வழக்கம்போலக் கதை அளந்துகொண்டிருந்தேன். "இந்த ஆரஞ்சு வாசம் எம் பொண்டாட்டி பொறந்த வீட்டு ஈஸ்ட். பின்னாடி ஒரு காரம் ஏறுது பாரு, அது எங்க வீட்டுது. கல்யாணத்தன்னிக்கு ஒரே ஜாடியில கலந்தது, அதையே எடுத்து வெச்சு வெச்சுக் காய்ச்சுறோம், முப்பது வருஷமாப் பிரியவே இல்ல."

மூன்றாவது கோப்பையில் அவன் சிரித்தே விட்டான். "அட மண்டு, அந்த ஈஸ்ட் செத்து ரெண்டு வருஷமாச்சுய்யா! ஒம் பொண்ணு கடை பாக்கெட்ட வாங்கி ஜாடியில போட்டா. ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வேற."

ஆக, உன் அம்மா போன அதே குளிர்காலத்தில் அதுவும் போயிருக்கிறது. நான் தாங்கமாட்டேன் என்று நினைத்திருப்பாய். இரண்டு வருடமாகக் கடை பாக்கெட்டில் உன் அம்மாவை முகர்ந்துகொண்டிருந்தேன், மகளே. நீ எதிரே உட்கார்ந்து தலையாட்டினாய்.

ஈஸ்ட் கெட்டால் அடுத்த வீட்டில் போய்க் கேட்பதுதானே நம் வழக்கம்? டோர்கைர் வீட்டில் இருப்பது உன் அம்மா அள்ளிக் கொடுத்த நம் கலவைதான். சொல்லியிருந்தால் அன்றைக்கே நடந்து போயிருப்பேன்.

இன்று போய்க் கேட்டு வாங்கி வந்தேன். ஊற்றும்போது ஈஸ்ட் விழித்துக்கொள்ள நாம் கத்துவோமே, அப்படிக் கத்தினேன். ஊற்றி முடித்த பிறகும் நிறுத்த முடியவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் டோர்கைர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றான்.

கோடைக்கு வா. குடித்துப் பார். தலையை மட்டும் ஆட்டாதே.

உன் அப்பா