ஒரு பல் தள்ளி மாட்டிய ஸ்டியரிங்

திங்கள், ஜூலை 6, 1942. திண்டிவனம்

காலையிலேயே வெயில். மழைக்கு அறிகுறி இல்லை. முதலாளியின் காரைத் துடைக்க ஷெட்டைத் திறந்தேன். ஸ்டியரிங் இல்லை! உடைத்த அடையாளமும் இல்லை. பூப்போலக் கழற்றியிருக்கிறார்கள். மொட்டைத் தண்டு மட்டும். பூட்டு பூட்டியபடியே இருந்தது. சாவி இரண்டு. ஒன்று என் இடுப்பில், மற்றது முதலாளி வீட்டில்.

மில்லுக்கு ஓடிப்போய் முதலாளியிடம் சொன்னேன். தலையைக்கூடத் தூக்கவில்லை.

"தெரியும் கண்ணையா. யாரு கேட்டாலும் வண்டி ரிப்பேருன்னு சொல்லு. மில்லுல எதுனா வேல இருந்தா பாரு."

பதினோரு வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறவன் நான். என்னிடமே ரிப்பேர் என்கிறார்.

பகல் முழுக்க மல்லாட்டைக் கடலை மூட்டை தைத்தேன். விரலில் ஊசி. டிரைவர் கை இப்போது கோணி தைக்கிறது.

செவ்வாய், ஜூலை 7

வெயில். தலைவலி. முதலாளி (மு.) சாப்பிடப் போன நேரத்தில் ஷெட்டில் தண்டை நன்றாகப் பார்த்தேன். மரையில் சுத்தி அடி இல்லை. அடித்துக் கழற்றியிருந்தால் நசுங்கியிருக்கும். ஆகவே புல்லர். இரண்டு கொக்கிக் காலால் சக்கரத்தைப் பிடித்து, நடுத்திருகை முறுக்கினால் தானாக மேலே வரும். அந்தச் சாமான் இந்த ஊரில் யாரிடமும் கிடையாது. விழுப்புரத்தில் மாசிலாமணி பட்டறையில் ஒன்று உண்டு.

ஆனால் தண்டில் புள்ளி இல்லை. கழற்றுமுன் தண்டிலும் சக்கரத்திலும் நேருக்கு நேர் ஒரு புள்ளி அடிப்பது வழக்கம். இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது தண்டின் பல் மாறி, சக்கரம் கோணலாக உட்கார்ந்துவிடும். இது தெரியாதவன் கற்றுக்குட்டி.

சந்தேகம்:
1. மில் ஃபிட்டர். கால் வீங்கி ஒரு வாரமாகப் படுக்கை. இல்லை.
2. மு. கையில் கிரீஸ் பட்டால் மூன்று தரம் கழுவுகிறவர். இல்லை.
3. சுந்தரம். மு.வின் மச்சினன், விழுப்புரத்தான். சித்திரையில்தான் லைசென்ஸ் எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை இங்கேதான் சாப்பாடு.

மூன்றுக்கு அடியில் இரண்டு கோடு போட்டேன்.

வீட்டில் பாக்கியத்திடம் சொன்னேன். சிரிக்கிறாள். "ஏன்யா, தாலியவே ஒரசிப் பாத்துட்டுக் கட்டுன ஆளு நீ. உனக்கு யாரு மேலதான் நம்பிக்க?"

அந்தத் தட்டான் யோக்கியன் இல்லை. அது வேறு விஷயம்.

புதன், ஜூலை 8. விழுப்புரம் போய் வந்தேன்

ரயிலில் கூட்டம். போகும் வழியில் பெட்ரோல் பங்க்காரர், காபி கிளப்காரர், ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த மயிலத்துப் பூக்காரர், மூவரிடமும் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். மூவரும் மச்சினன்தான் என்றார்கள்.

மாசிலாமணி அரம் போட்டுக்கொண்டிருந்தான். புல்லரை யார் வாங்கிப் போனது என்றேன்.

"அண்ணே, என்ன வம்புல மாட்டாத. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சுந்தரம் சத்தியம் வாங்கிக்கினு போயிருக்காரு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான்.

புல்லரை ஒரு வாரத்துக்குக் கேட்டேன். "உங்க ஸ்டியரிங்தான் கழண்டுடுச்சே, இன்னும் எதுக்குண்ணே?" என்றான். வேறு வேலை என்றேன். கொடுத்துவிட்டான். நல்ல கனம். மடியில் வைத்துக்கொண்டே வந்தேன்.

விஷயம் எனக்கு இப்போது தெளிவு. வண்டி ஓடாது என்றால் டிரைவர் எதற்கு? என்னை மூட்டை தைக்க விட்டு மெல்ல அனுப்பிவிடுவது. பிறகு ஸ்டியரிங்கை மாட்டிக்கொண்டு சுந்தரம் (சு.) ஓட்டுவது. மு.வுக்கு மச்சினன் பேச்சு வேதவாக்கு. சாப்பிடவில்லை.

வியாழன், ஜூலை 9

மு.வும் சு.வும் காலை பஸ்ஸில் புதுச்சேரி. சனிக்கிழமை வருவார்களாம். இரண்டு பேரும் கிசுகிசு. என்னைப் பார்த்ததும் மௌனம். சு.வின் முழங்கையில் உமி! மச்சினனுக்கு மில் பின்னால் இருக்கிற உமிக் குவியலில் என்ன வேலை?

பஸ் போனதும் குவியலில் கம்பு விட்டுக் குத்திப் பார்த்தேன். ஐந்தாவது குத்தில் டொக்கென்றது. கோணியில் சுற்றி என் ஸ்டியரிங். நட்டும் ஹாரன் பொத்தானும் கூடவே.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் மாட்டினேன். புள்ளி இல்லாததால் முன்சக்கரத்தைக் கண்ணால் நேர் பார்த்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. நட்டை முழு பலத்தோடு முறுக்கினேன். இனி புல்லர் இல்லாமல் எவன் அப்பன் வந்தாலும் கழற்ற முடியாது. புல்லர் என் டிரங்குப் பெட்டியில், பாக்கியத்தின் கல்யாணப் புடவைக்கு அடியில்.

தேங்காய் எண்ணெய் போட்டு ஸ்டியரிங்கைத் துடைத்தேன். மின்னுகிறது. மு. வந்து பார்க்கட்டும், யார் விசுவாசி என்று.

வெள்ளி, ஜூலை 10

தூறல். மண்வாசனை. எஞ்சினை ஒரு தரம் ஓட்டி நிறுத்தினேன். சத்தம் சுத்தம். மனசும் சுத்தம்.

பாக்கியம்: "சொல்லாம மாட்டுனது தப்பில்லையா?" சொன்னால் மாட்ட விடுவார்களா?

சனி, ஜூலை 11

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

பத்து மணிக்கு மு.வும் சு.வும் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். வீட்டுக்குள் நுழைவதற்குள் வாசலில் சர்க்கார் கார். சண்டைக்காக ஊர்க்காரர் வண்டிகளைப் பட்டாளத்துக்கு எடுக்கிற அதிகாரி, கூட இரண்டு பேர்.

மு. கைகூப்பி நிதானமாகச் சொன்னார். "வண்டி ஓடாதுங்க. ஸ்டியரிங் ஒடஞ்சிபோச்சி. சண்ட முடிஞ்சாத்தான் புதுசு வருமாம். வந்து பாருங்க." அவரே ஷெட்டைத் திறந்தார்.

ஸ்டியரிங் வெளிச்சத்தில் பளபளத்தது.

மு. அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எழுதத் தெரியவில்லை.

"யாரு டிரைவர்? ஸ்டார்ட் பண்ணு" என்றார் அதிகாரி. பண்ணினேன். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. எத்தனையோ காலையில் என்னைப் பேஜார் பண்ணிய வண்டி! திங்கட்கிழமை விழுப்புரத்தில் ஒப்படைக்க உத்தரவு.

அவர்கள் போன பிறகு சு. என்னைப் பின்பக்கம் இழுத்துப் போனான்.

"ஓடாத வண்டிய எடுக்க மாட்டாங்கன்னுதான் கழட்டுனோம். ஞாயித்துக்கெழம கை தோல் உரிஞ்சிது எனுக்கு. வியாழக்கெழம பஸ் ஏறுறதுக்கு முன்னாடிகூட உமியில இருக்குதான்னு தொட்டுப் பாத்துட்டுத்தான் போனேன். அத எதுக்குய்யா தொட்ட?"

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே சின்னவரே."

"மாமாதான் வாணான்னாரு. கண்ணையன் காதுல போட்டா பெட்ரோல் பங்க்கு வரைக்கும் போயிடும்னாரு. வண்டி போச்சின்னா கண்ணையனுக்கு வேல ஏதுடா, எப்படியாவது காப்பாத்தணும்னும் அவருதான் சொன்னாரு."

பெட்ரோல் பங்க். காபி கிளப். பூக்காரர்.

வெட்கமாக இருக்கிறது. மு. என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

திங்கள், ஜூலை 13. விழுப்புரம்

மேகமூட்டம். ஏழு மணிக்குக் கிளம்பினோம். மு. பின் சீட்டில். புல்லர் துணிப்பையில், என் காலடியில்.

ஊர் தாண்டி நேர் ரோடு வந்ததும்தான் தெரிந்தது. வண்டி நேராகப் போகிறது, ஸ்டியரிங் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கிறேன். கற்றுக்குட்டி நான்தான்.

விக்கிரவாண்டி வரை பொறுத்தேன். முடியவில்லை. ஓரமாக நிறுத்தினேன்.

"முதலாளி, ஸ்டியரிங் கோணலா இருக்குதுங்க. கழட்டி நேராக்கிடறேன். பத்து நிமிஷம். புல்லர் எங்கிட்டதான் இருக்குதுங்க."

மு. பையைப் பார்த்தார்.

"முந்தாநாள் ஆபீசர் வந்தப்பவும் உங்கிட்டதான் இருந்துதா?"

"ஆமாங்க. திரும்ப யாரும் கழட்டிடக் கூடாதுன்னுதான்."

"அப்படியே ஓட்டு கண்ணையா" என்றார்.

கோணலாகவே ஓட்டினேன். ஒப்படைக்கும் இடத்தில் கோளாறு ஏதும் உண்டா என்று கேட்டு எழுதினார்கள். ஸ்டியரிங் ஒரு பல் தள்ளியிருக்கிறது, மாட்டியவன் நான் என்று சொன்னேன். எழுதியவர் நிமிரவில்லை. மு. பக்கத்தில்தான் நின்றார்.

சாவியைக் கொடுத்தேன். மாசிலாமணியிடம் புல்லரைக் கொடுத்தேன். "எதையாவது கழட்டினியாண்ணே?" என்றான்.

இல்லை என்றேன்.