பாராடாங்கில் நான்கு ஓட்டு

பாராடாங்
18-1-1967

அன்புள்ள அரசு,

நலம். நீயும் தங்கச்சி பங்கஜமும் குழந்தைகளும் நலமா? போன வாரம் அபர்டீன் பஜாரில் என்னைக் கண்டதும் ஜவுளிக் கடைக்குள் நுழைந்துவிட்டாய். வேட்பாளரோடு நின்று பேசினால் சர்க்கார் வேலை போய்விடுமோ! பங்கஜத்துக்குப் புடவையாவது எடுத்தாயா?

இந்தத் தீவுகளில் நாமே ஓட்டுப் போட்டு டில்லிக்கு ஆள் அனுப்புவது இதுதான் முதல் தடவை. அதற்காகத்தான் வாத்தியார் வேலையை உதறினேன். இங்கே மரம் வெட்டும் முகாமில் பள்ளிக்கூடம் கிடையாது. மரம் விழுந்து கால் போனால், மறுநாளே கூலிப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுகிறார்கள். ஐந்து வருஷமாக லீவு கிடைத்தால் நான் இங்கேதான் கிடக்கிறேன். என் சின்னம் ஏணி என்றதும், முகாமில் கூலி வேலை செய்யும் பொன்னம்மா, "ஒங்களுக்குப் போடாம வேற யாருக்கு மாஸ்டர் போடுவோம்?" என்றாள். நான் தோற்கலாம், அரசு. இந்த முகாம் என்னைக் கைவிடாது.

உன்
ஜம்புலிங்கம்

டெலானிபூர்
3-2-1967

அன்புள்ள ஜம்பு,

புடவை எடுக்கவில்லை. அரை மணி நேரம் துணியைப் புரட்டிக் கடைக்காரரிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம். கேலி செய்யாதே. இரண்டு பெண் குழந்தைகளும் இந்தக் குவார்ட்டர்ஸும் என் வேலையை நம்பித்தான்.

ஒரு சங்கடம். பாராடாங் வாக்குச்சாவடிக்கு என்னையே அதிகாரியாகப் போட்டிருக்கிறார்கள். மாற்றச் சொல்லிக் கேட்டேன், வேறு ஆள் இல்லையாம். அன்றைக்கு என்னோடு பேசாதே, சிரிக்கவும் செய்யாதே. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வா. பங்கஜம் மீன் குழம்பு வைப்பாள்.

அன்புடன்
அரசு

பாராடாங்
26-2-1967

அரசு,

ஓட்டுப்பதிவு முடிந்ததும் காய்ச்சலில் படுத்துவிட்டேன். எண்ணிக்கைக்கு வர முடியவில்லை, என் பக்கம் உட்காரவும் ஆள் இல்லை. அங்கிருந்து லாஞ்ச் படகில் வந்த தெரிந்தவர் சிவஞானம் கணக்கைச் சொன்னார். தோல்வி எதிர்பார்த்ததுதான். ஆனால் பாராடாங்கில் எனக்கு நான்கு ஓட்டு! முகாமே வரிசையில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன்.

நாலு பேர் முன்னால் பொன்னம்மாவைப் பிடித்து, "யாருக்கு விலை போனீங்க?" என்று கேட்டேன். "ஒங்களுக்குத்தான் போட்டேன்" என்று அழுதாள். நான் நம்பவில்லை.

12ஆம் தேதி கப்பலில் மெட்ராஸ் போகிறேன். இனித் திரும்புவதாக இல்லை. ஜனங்களுக்காக உழைத்தது போதும். முடிந்தால் வழியனுப்ப வா.

ஜம்பு

டெலானிபூர்
2-3-1967

ஜம்பு,

கப்பல் ஏறுவதற்கு முன் இதைப் படி. முகாம் உன்னைக் கைவிடவில்லை. நான்தான் கைவிட்டேன்.

ஓட்டுச் சீட்டில் ரப்பர் முத்திரை குத்த வேண்டும் என்று காலையில் ஒரே ஒரு தடவை ஹிந்தியில் சொன்னேன். மறைப்புக்குள் போய் வந்த முதல் நாலைந்து பேரின் கட்டைவிரலில் மை இருந்தது. சம்பள நாளில் மஸ்டர் ரோல் பதிவேட்டில் கைரேகை வைக்கிற பழக்கம். முத்திரையைத் தொடாமல், மைப் பெட்டியில் விரலை ஒற்றிச் சீட்டில் வைத்திருக்கிறார்கள். கைரேகை பட்ட சீட்டு செல்லாது. அது அப்போதே எனக்குத் தெரியும்.

தமிழில் ஒரு தடவை விளக்கியிருந்தால் போதும். அதற்குத் தடையும் இல்லை. ஆனால் எதிர் வேட்பாளரின் ஏஜெண்ட் கோவிந்தராஜ் விடிந்ததுமே, "ஜம்புலிங்கம் ஆப்கா தோஸ்த் ஹை நா, சாப்?" என்று சிரித்திருந்தான். உன் சிநேகிதன் என்று தெரிந்துவிட்டதே, வாயைத் திறந்தால் புகார் எழுதுவானே என்று பயந்தேன். சாயங்காலம் வரை மை விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எண்ணியவர்களிடம் விசாரித்தேன். செல்லாதவை தொண்ணூற்றாறு. அத்தனை கைரேகையும் ஏணியின் மேல்தான் இருந்ததாம்.

மன்னிப்புக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது.

அரசு

பாராடாங்
7-3-1967

திருநாவுக்கரசு,

கடிதம் கிடைத்தது. நான் மெட்ராஸ் போகவில்லை.

உன் மேல் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. என் மேலும்தான். ஒரு மாதம் "ஏணி, ஏணி" என்று தொண்டை கிழியக் கத்தினேன். முத்திரையை எப்படிக் குத்துவது என்று ஒரு நாள் காட்டினேனா? நானெல்லாம் ஒரு வாத்தியார்!

முகாமுக்குப் போய்ப் பொன்னம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். விரல் வைத்ததால் ஓட்டு செல்லாமல் போனதைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "எங்க விரலைத்தான் ஆபீசர் சாப் பாத்துக்கிட்டே இருந்தாரே மாஸ்டர். தப்புன்னா சொல்லமாட்டாரான்னு நெனச்சோம்" என்றாள்.

நீ எனக்குக் கடிதம் எழுதினால் போதாது, அவர்களிடம் வந்து சொல். வியாழக்கிழமை லாஞ்ச் வருகிறது. நான் துறையில் நிற்பேன்.

ஜம்புலிங்கம்