என் கண் நோய் வயிற்றிலிருந்து வந்தது என்று தகப்பனாருக்கு எழுதக் கோரி

அனுப்புநர்:
க. அலர்மேல்மங்கை (வயது 14),
நான்காம் பாரம் மாணவி,
த/பெ கன்னையா, விவசாயி,
நாகலாபுரம்.

பெறுநர்:
ஜில்லா வைத்திய அதிகாரி அவர்கள்,
சித்தூர்.

பொருள்: திருப்பதி ஆஸ்பத்திரிக்கு என்னை அழைத்துச் செல்லும்படி தகப்பனாருக்குத் தமிழில் கடிதம் எழுத வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஐந்து வாரமாக என் இடது கண் சிவந்திருக்கிறது. வெளிச்சம் பட்டால் குத்துகிறது. பள்ளிக்குப் போன நாட்களில் கரும்பலகை எழுத்து புகையாகத் தெரிந்தது. ஒட்டுகிற கண்வலி என்று எண்ணி, வீட்டில் எனக்குத் தனித் தட்டும் பாயும் கொடுத்து, வேர்க்கடலை மூட்டை அடுக்கிய அறையில் விட்டிருக்கிறார்கள். தங்கை சுந்தரி கதவுக்கு வெளியே நின்று பேசுவாள். மூன்று நாளாக அதுவும் இல்லை.

2. பள்ளியில் உடற்பரிசோதனை செய்ய வந்த டாக்டர் சாரங்கபாணி அவர்கள் என் கண்ணைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பற்றி விசாரித்தார். அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. தை மாதம் முதல் தினமும் ஏழெட்டு முறை வெளிக்குப் போவதையும், சீதத்தோடு இரத்தம் போவதையும், முழங்கால் வீங்குவதையும் அவரிடம் மட்டும் சொன்னேன். குடலில் புண் உள்ள சிலருக்குக் கண்ணுக்குள்ளும் அழற்சி உண்டாகும், பிறருக்கு ஒட்டாது, நாள் கடத்தினால் பார்வை போய்விடலாம் என்றார். திருப்பதி ஆஸ்பத்திரிக்கு ஆங்கிலத்தில் கடிதம் கொடுத்தார்.

3. என் தகப்பனாருக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். கடிதத்தைப் படித்து அர்த்தம் சொல்லச் சொன்னார். சித்தப்பாமார் இருவரும் உடன் இருந்தார்கள். கண்ணைப் பற்றியதைச் சொன்னேன். வயிற்றைப் பற்றிய நான்கு வரிகளுக்குத் தமிழ் வார்த்தையை நானே தேட வேண்டியிருந்தது. வாய் வரவில்லை, விட்டுவிட்டேன். தவறு என்னுடையது.

4. ஆகவே இது வெறும் கண்வலி, காத்திருக்கலாம் என்று அவர் நினைக்கிறார். ஆந்திராவில் இருக்கும் எங்கள் ஊரைச் சென்னை ராஜ்யத்தில் சேர்க்க வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர் அவர். "திருப்பதி ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்ல நம்ம பேரை எழுதினா, ஆந்திராதான் எங்க ஊருன்னு நாமளே ஒத்துக்கினாப்பல ஆயிடும். எல்லை முடிவாகட்டும், பட்டணத்துக்கே இட்டுனு போறேன்" என்கிறார். இப்போதே சென்னைக்குப் போகலாமே என்றதற்கு, அங்கே ஆந்திராக்காரன் என்று வரிசையில் கடைசியில் நிறுத்துவார்களாம். அவர் கல்நெஞ்சர் அல்லர். தினமும் விடியலில் நந்தியாவட்டைப் பூ பறித்துவந்து என் கதவருகே வைத்துவிட்டுப் போகிறார்.

5. எல்லை எப்போது முடிவாகும் என்று தெரியவில்லை. நேற்று முதல் வலது கண்ணிலும் அதே குத்தல்.

வெளிச்சம் தாங்காமல் விளக்கைத் தணித்து எழுதுகிறேன். கோணல் எழுத்தை மன்னிக்கவும். இம்மனு வீட்டாருக்குத் தெரியாது. நான் எழுதியதாகத் தாங்கள் குறிப்பிட வேண்டாம்.

ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரில் பெயர் எழுதுவதால் ஓர் ஊரின் ராஜ்யம் முடிவாகிவிடாது என்றும், என் வயிற்றில் என்ன நோய் என்றும், இரத்தம் போவதையும் மறைக்காமல், என் தகப்பனார் பெயருக்குத் தமிழில் எழுதும்படி பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அதை அவருக்குப் படித்துக் காட்டப்போவது நான்தான். எழுதியிருந்தால் படித்துவிடுவேன்.

இடம்: நாகலாபுரம்
தேதி: 11-9-1958

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
க. அலர்மேல்மங்கை