நீலம் யார் உடுத்துவது?

நவம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இப்படிக் கூப்பிடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். எப்படிக் கூப்பிட்டாலும் உங்களுக்குக் கோபம் வரும், அதனால் எனக்குப் பிடித்ததையே எழுதிவிட்டேன். கடைசி ஸ்டாப்பில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, டிப்போவில் கொடுத்த நீலக் கம்பளிச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம் வாலுவுக்கு ஜனவரியில் கல்யாணம். வருவீர்களா என்று அவள் கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்றீர்களாம். பார்க்க என்ன இருக்கிறது? பெட்டியைக் கட்டுங்கள். இங்கே குளிர் கழுத்து வழியாகவும் காது வழியாகவும்தான் நுழையும். தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லியதாக இரண்டு நல்லது. மாப்பிள்ளை வீட்டார் இந்த ஊர்க்காரர்கள். அவர்களுடைய வழிபாட்டுக் கூடத்தில் கை முழுக்க மூடியிருக்க வேண்டும், தலையில் துணி வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். ஓட்டையில்லாத சாக்ஸாக எடுத்துவாருங்கள். கோட் வாங்காதீர்கள், என்னுடையது ஒன்று இருக்கிறது.

இப்படிக்கு,
வாலுவின் சித்தி


நவம்பர் 15

வணக்கம்.

போனில் பேசினால் என் குரல் ஏறிவிடும். அதனால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவை நடத்துகிறவள் நான். எந்தத் துணியை எதன்மேல் போடுவது என்று எனக்குப் பாடம் வேண்டாம். இன்னொன்று, "வாலு" நான் வைத்த பெயர்.

சரி, கோபத்தை ஓரமாக வைக்கிறேன். என் பயம் துணியைப் பற்றியது இல்லை. நானும் அவள் அப்பாவும் பிரிந்த பிறகு, பத்து வயசில் அவரோடு அங்கே படிக்கப் போனவள் அவள். காய்ச்சல், பரீட்சை, காதல் எல்லாம் உங்கள் வீட்டில்தான் நடந்தது. நான் வந்து எங்கே உட்காருவேன்? பெற்ற பெண்ணின் கல்யாணத்தில் விருந்தாளியாகப் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்ட என்னால் ஆகாது. அதற்கு இங்கேயே படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டு கிடக்கலாம்.

வாலுவின் அம்மா


நவம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாலுவிடம் காட்டினேன். "அம்மா திட்டினா வரப்போறாங்கன்னு அர்த்தம்" என்கிறாள்.

எங்கே உட்காருவது என்று கேட்டீர்களே, சொல்கிறேன். மாப்பிள்ளை வீட்டு வழக்கப்படி, பெண்ணின் அம்மா நீலம் உடுத்தி முதல் வரிசையில் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காருவார். வேறு யாரும் அன்றைக்கு நீலம் கட்ட மாட்டார்கள். எனக்கு நீலத்தில் துணி எடுக்கட்டுமா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்கள். எனக்கு இல்லை, அவளுடைய அம்மா வருகிறார் என்று சொல்லிவிட்டேன். நான் சாம்பல் நிறத்தில் பின்னால் இருப்பேன். பக்கத்தில் இருந்த வாலுவின் அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். அவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா என்ன!

வாலுவின் சித்தி


டிசம்பர் 10

அன்புள்ள வாலுவின் சித்திக்கு,

நீலத்தில் ஒரு சேலை எடுத்தேன். டிக்கெட்டும் எடுத்தேன். வருகிறேன். சாக்ஸில் ஓட்டை இல்லை.

வாலுவின் அம்மா


ஜனவரி 30

என் தங்கச்சிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் கோட் இங்கே ஆணியில் தொங்குகிறது. இந்த வெயிலில் அதைப் பார்த்தாலே வியர்க்கிறது.

நேரில் சொல்ல வாய் வராததை எழுதுகிறேன். நீலச் சேலையை ஆசையாக வாங்கினேனே தவிர, பெட்டி கட்டும்போது கை அதை எடுக்கவில்லை. உன் முதல் கடிதம் பெட்டியின் மேலேயே கிடந்தது. குளிர் காது வழியாக நுழையும் என்று முகம் பார்க்காத எனக்கே எழுதுகிறவள், என் பிள்ளையின் காதை எத்தனை குளிருக்குப் பொத்தியிருப்பாள் என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. நான் நீலமில்லாமல் வந்து நின்றால் முதல் வரிசையில் நீதானே உட்கார்ந்தாக வேண்டும் என்பது என் கணக்கு. முன்பே பார்த்தால் எனக்கு ஒரு நீலத்தைத் தேடிப் பிடித்துவிடுவாய் என்று, உன் வீட்டிலேயே கோட்டை மாட்டிப் பொத்தானையும் போட்டுவிட்டேன்.

கூடத்து வாசலில் கழற்றினால் நீயும் சாம்பல், நானும் சாம்பல். சம்பந்தியம்மாவின் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. வாலு சிரிக்கவில்லை. கண் நிறைய நம்மையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு பேரும் விட்டுக்கொடுத்துட்டா, நான் யாரோட பொண்ணு?"

கேட்டுவிட்டு உன் பையிலிருந்த டிப்போவின் நீலச் சால்வையை உருவினாள். கூடத்துக் காவலாளியிடம் கத்திரிக்கோல் வாங்கி, நீளவாக்கில் இரண்டாக வெட்டினாள். நல்ல கம்பளி அநியாயமாகக் கிழிவதைப் பார்த்தும் நானே ஒரு முனையைப் பிடித்துக் கொடுத்தேன். என் தலையில் ஒரு பாதி, உன் தலையில் ஒரு பாதி. முதல் வரிசையில் அவளுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். வேறென்ன வேண்டும் எனக்கு?

என் பிள்ளையை வளர்த்துக் கொடுத்ததற்கு நன்றி, தங்கச்சி. இதை எப்போதோ சொல்லியிருக்க வேண்டும்.

வெட்டிய ஓரம் நூல் பிரியும். என் பாதியை மடித்துத் தைத்துவிட்டேன். உன் பாதியை வேறு யாரிடமும் கொடுத்துக் கெடுத்துவிடாதே. அடுத்த குளிருக்கு உன் கோட்டைப் போட்டுக்கொண்டு நானே வந்து தைத்துத் தருகிறேன்.

உன் அக்கா